குல்ஷனின் முயல்

அஸ்தினாபுரம் குல்ஷன் பழைய புத்த ஜாதகக் கதைகளின் மிருகங்களை வைத்துச் சிறுவர் பத்திரிகைக்குக் கதை எழுதிவந்தார். மூலக்கதையில், பசித்து வந்த விருந்தாளிக்கு உணவாக முயல் தீயில் குதிக்கும். 2004இல் குல்ஷன் அனுப்பிய கதையில் முயல், "புல்தான் இருக்கு, சாப்பிடுங்க" என்றது.

ஆசிரியர் போன் செய்தார். "மேடம், தன்னையே கொடுக்கிறதுதானே கதை. குதிக்க வைங்க, போட்டுடறேன்."

"நான் தினம் குதிக்கிறேன் சார், அது போதும். என் முயல் குதிக்காது. போடாட்டி போங்க."

அன்று மாலை, கணவர் உஸ்மான் வழக்கம்போல் சொல்லாமல் கொள்ளாமல் நான்கு நண்பர்களோடு வந்தார். "குல்ஷன், பிரியாணி பண்ணிடு."

எழுதிக்கொண்டிருந்த குல்ஷன் தலை நிமிரவில்லை.

"அடுப்பை அணைச்சாச்சு. ரசம் சோறு இருக்கு, போட்டுச் சாப்பிடுங்க."