கருமணல் தலையணை

எனக்கு அப்போது ஏழு மாதம். முதல் பிள்ளை. மண்டைக்காட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு கடற்கரை ஊர். அங்கே ஆரம்பப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்கு நான் டீச்சர். என் கணவர் அதே ஊரில் மணல் கம்பெனியில் கிளார்க்கு. எங்கள் கல்யாணத்தைப் பேசி முடித்தவர்கள், இரண்டு சம்பளத்துக்கு ஒரு அடுப்பு என்று பெருமைப்பட்டுக்கொண்டார்கள். அவர்களில் ஒருவராவது வந்து அந்தக் கடல்காற்றில் ஒரு வாரம் குடியிருந்து பார்த்ததில்லை.

அந்தக் கரையில் மணல் கறுப்பு. அலை திரும்பும்போது வெள்ளை மணலை இழுத்துக்கொண்டு கறுப்பை மட்டும் விட்டுப்போகும். பெண்கள் அதை ஓலைப்பெட்டிகளில் வாரித் தலையில் சுமந்து கம்பெனிக்குக் கொண்டுபோவார்கள். முன்பு அது பெட்ரோமாக்ஸ் விளக்குக்குள் எரிகிற மாண்டில் வலை செய்யக் கப்பலேறிப் போயிற்றாம். நம் ஊர்க் கயிற்றில் ஒட்டிக்கொண்டு சீமைக்குப் போன மணலைப் பார்த்து ஒரு வெள்ளைக்காரன்தான் அதன் அருமையைக் கண்டுபிடித்தான் என்று சொல்வார்கள். நம் காலடியில் கிடப்பது என்னவென்று நமக்குச் சொல்ல யாராவது கப்பலேறி வரவேண்டும். அதுதான் நம் ராசி.

என் வகுப்பில் சிலேட்டு உள்ள பிள்ளைகள் நாலைந்து பேர்தான். மற்றவர்களுக்குத் தரையில் பரப்பிய மணல், விரல். ஆற்று மணல் காற்றடித்தால் பறந்து கண்ணில் விழும். நான் புத்திசாலி அல்லவா, கடற்கரைக் கருமணலை அரித்து எடுத்துக் கொட்டினேன். அது கனமாக இருக்கும், பறக்காது, விரல் பட்ட இடத்தில் எழுத்து அச்சுப்போல் நிற்கும். தலைமை ஆசிரியர் வந்து பார்த்து, "கொள்ளாமே" என்று மெச்சினார். அந்த ஒரு வார்த்தைக்காக ஒரு மாதம் தலைநிமிர்ந்து நடந்தேன்.

ஒரு நாள் காலையில் ஜீப்பில் இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். பம்பாயிலிருந்து வந்தவர்கள் என்று என் கணவர் முந்தின நாளே சொல்லியிருந்தார். கரையெல்லாம் நடந்து அளந்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டுப் பள்ளிக்கூடத்து வராந்தாவில் ஏறினார்கள். கூடவே வழிகாட்ட என் கணவரும் வந்தார். ஒருவர் கையில் தோல்வார் போட்ட ஒரு பெட்டி. அதை அவர் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்த மணலுக்குப் பக்கத்தில் வைத்தார். பெட்டி பொரிய ஆரம்பித்தது. சட்டியில் நெல் பொரிகிற மாதிரி, முதலில் ஒன்றிரண்டாக, பிறகு விடாமல்.

பிள்ளைகளுக்கு ஒரே கும்மாளம். ஒருவன் பெட்டியில் காதை வைத்தான். ஒரு பெண் இரண்டு கையிலும் மணலை அள்ளி அதன் பக்கத்தில் கொண்டுபோனாள். சத்தம் கூடிற்று. கையை இழுத்தாள், குறைந்தது. திரும்பத் திரும்ப அதையே செய்து சிரித்தாள். நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். என் வயிற்றில் ஒரு உயிர் இருந்தது.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், பெட்டி வைத்தவரிடம் இது என்ன என்று கேட்டேன். அவர் நல்ல மனிதர், பொறுமையாகச் சொன்னார். இந்த மணலில் ஒரு பொருள் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாத ஒன்றை வீசிக்கொண்டே இருக்கிறது, அதைத்தான் பெட்டி எண்ணுகிறது. யுத்தத்தில் போட்டார்களே அந்தக் குண்டு, அந்த ஜாதிச் சரக்கு. ஆனால் பயப்பட வேண்டாம், நாளைக்கு இதிலிருந்துதான் ஊருக்கெல்லாம் விளக்கு எரியும், ஒரு பிடி போதும், உங்கள் பிள்ளைகள் வேறொரு உலகத்தில் வாழ்வார்கள். அவர் கண் பளபளத்தது. இது உடம்புக்குக் கெடுதலா என்று கேட்டேன். உங்கள் ஆட்கள் ஆயிரம் வருடமாக இங்கேதானே இருக்கிறார்கள் என்று சிரித்தார். பிறகு வராந்தாப் படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றி, உள்ளே ஒரு மணல்கூட இல்லாதபடி தட்டித் தட்டிக் கொட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார். கடற்கரைக்கு வந்த யாரும் செய்வதுதான். ஆனால் நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அந்தக் குண்டு விழுந்த ஊரின் படத்தை ஒரு வாரப் பத்திரிகையில் பார்த்திருந்தேன். வீடே இல்லாத தெரு. தலையில் கட்டுப்போட்ட ஒரு குழந்தை, யாரையும் பார்க்காத பார்வை. மனிதன் நெருப்பைக் கண்ட நாளிலிருந்து இதே கதைதான். எதைக் கண்டுபிடித்தாலும் அடுத்தவன் கூரையில் வைத்துப் பார்த்த பிறகுதான் தன் அடுப்பில் வைப்பான். விளக்கு வரும், வரட்டும். அதற்கு முன்னால் வந்தது எதுவென்று நான் படத்தில் பார்த்துவிட்டேனே.

கிரகணத்தன்று பிள்ளைத்தாய்ச்சி வெளியே வரக்கூடாது என்று அக்கம்பக்கத்தார் சொன்னபோது, வேண்டுமென்றே முற்றத்தில் போய் நின்று விஞ்ஞானம் பேசியவள் நான். அதே நான் பெட்டி பொரிந்த அன்றிலிருந்து வாசலில் மூன்று செம்பு தண்ணீர் விட்டுக் காலைக் கழுவினேன். சேலையை உதறினேன். கடல் பக்கத்து ஜன்னலில் சாக்கைக் கட்டினேன். பாயில் ஒரு கறுப்புப் பொடி இருந்தால் முழுப் பாயையும் கழுவிப் போட்டேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு இருண்டது ஒரு கடற்கரை முழுக்கக் கிடந்தது.

"ஏட்டி, நீ படிச்சவதானே?" என்றார் என் கணவர். "ஆதி காலத்திலயிருந்து மனுசரு இதுக்க மேலதான் பெத்து, வளத்து, செத்திருக்கு."

"அவங்களுக்க கையில பெட்டி இருந்துதா?" என்றேன்.

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தி, "வெளிய ஒரு வார்த்தை விட்டுராத. நாளைக்குப் பெண்டுவ மணல் சுமக்க வரல்லேண்ணா மேனேஜரு என்னையத்தான் பிடிப்பாரு. அந்தப் பெண்டுவளுக்கும் வேற என்ன சோலி இருக்கு?" என்றார். வேறு ஊருக்குப் போய்விடலாம் என்றேன். எந்த ஊரில் யார் வேலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள் என்றார். என் அம்மா நான் சின்னவளாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டாள். பேறுகாலத்துக்குப் போக எனக்கு வேறு வீடும் கிடையாது.

மறுநாள் வகுப்பிலிருந்த கருமணலை நானே முறத்தில் வாரி வெளியே கொட்டினேன். வள்ளியாற்று மணல் ஒரு வண்டி வரவழைத்தேன். இன்ஸ்பெக்டர் வெள்ளை மணல்தான் வேண்டும் என்கிறார் என்று பிள்ளைகளிடம் பொய் சொன்னேன். இரண்டு கையால் அள்ளி விளையாடினாளே, அந்தப் பெண் மட்டும் உதட்டைப் பிதுக்கி, "டீச்சறே, கறுப்பு மண்ணுலதான் எழுத்து தெளிஞ்சு வரும்" என்றாள். அவளுடைய அம்மா கம்பெனிக்கு மணல் சுமப்பவள். காலையில் அம்மாவோடு அதே கரையில் நின்றுவிட்டு வருகிற பிள்ளை அவள். நான் என் வகுப்பைக் கழுவி என்ன ஆகப்போகிறது என்று அப்போதே எனக்குத் தெரியும்.

பிள்ளை பிறந்தது ஒரு மத்தியானம். மருத்துவச்சி, "பெண்ணு" என்றாள். "எல்லாம் சரியா இருக்கா?" என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "பெண்ணுண்ணா என்ன குறைச்சலு? நீயும் பெண்ணுதான், நானும் பெண்ணுதான்." நான் கேட்டது அதுவல்ல என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. துணியைப் பிரித்துக் காது, கண், முதுகு, பாதம் என்று தடவித் தடவிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் வீசுகிற ஒன்றைக் கண்ணால் பார்த்து எப்படித் தெரிந்துகொள்வது? குழந்தை தும்மினாலும் பயந்தேன். தூங்கினாலும் பயந்தேன்.

பத்தாம் நாள் அந்த மாணவியின் அம்மா குழந்தையைப் பார்க்க வந்தாள். அவளுக்கு ஆறாவது பிள்ளை, ஏழு மாதம், வயிறு நன்றாகத் தெரிந்தது. மடியிலிருந்து ஒரு சின்னத் தலையணையை எடுத்தாள். பழைய முண்டு வேட்டியில் தைத்தது, துவைத்துத் துவைத்து வெளுத்திருந்தது. பிறந்த பிள்ளையின் தலை உருண்டையாக வருவதற்குக் கடுகு நிரப்பிய தலையணை வைப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். கடுகுதான் என்று நினைத்துக் கையில் வாங்கினேன். கை தாழ்ந்துவிட்டது. அவ்வளவு கனம்.

"கடுகு வாங்கித் தைக்கதெல்லாம் உள்ளவங்களுக்கு உள்ளது டீச்சறே" என்று சிரித்தாள். "எங்களுக்கு இதுதான் கடுகு. நல்ல நைசு மண்ணு. ஏழு வெள்ளம் ஊத்திக் கழுவி, வெயில்ல காயவச்சது. நல்ல குளிர்ச்சி, அங்க இங்க அசையாது. எனக்க அஞ்சு பிள்ளையளும் இதுலதான் தலை வச்சுது. ஒண்ணுக்காவது தலை கோணியிருக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் குழந்தையின் தலையைத் தூக்கி, அதை அடியில் வைத்து, இரண்டு பக்கமும் அமுக்கிக் குழிவு செய்தாள். எவ்வளவு பக்குவமான கை! குழந்தை ஒரு தடவை உதட்டைச் சப்பிவிட்டு அப்படியே தூங்கிப்போயிற்று. பிறந்ததிலிருந்து அது அப்படித் தூங்கி நான் பார்க்கவில்லை. "பாத்தியளா" என்றாள் அவள்.

காப்பி போட்டுக் கொடுத்தேன். அவள் ஊதி ஊதிக் குடித்தாள். கம்பெனியில் ஒரு பெண் வழுக்கி விழுந்ததைச் சொன்னாள், மீன் இல்லாததைச் சொன்னாள், தன் மகள் படிப்பாளா என்று கேட்டாள். நான் எதையும் கேட்கவில்லை. என் காதில் பெட்டி பொரிந்துகொண்டிருந்தது. என் பிள்ளையின் தலை அந்த மணலில் கிடந்தது, நான் எதிரே உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன். புறப்படும்போது தன் வயிற்றைத் தட்டி, "ரெண்டு மாசம் வச்சுக்கிடுங்க. பொறவு எனக்கு வேணும்" என்றாள்.

அவள் தலை மறைந்ததும் தலையணையை உருவினேன். வெந்நீர் வைத்துக் குழந்தையின் தலையை மூன்று தடவை கழுவினேன். அது வீறிட்டு அழுதது, நானும் அழுதேன். என் கணவர் வேலையிலிருந்து வந்ததும் காட்டினேன். ஆதி காலம், மனுசரு என்று ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். அவர் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, பாம்பை எடுப்பதுபோல அதை எடுத்துப் போய்க் கிணற்றடிக்குப் பின்னால் ஒரு ஆணியில் மாட்டினார். அதற்குப் பிறகு சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையாகவே பயம் பிடித்தது. அதுவரைக்கும் அவராவது பயப்படாமல் இருக்கிறாரே என்று ஒரு ஆறுதல் இருந்தது.

மறுநாளே தக்கலைச் சந்தையில் கடுகு வாங்கி வரச்சொல்லி, புதுத் துணியில் தலையணை தைத்தேன். இனி இரண்டு மாதம் இருக்கிறது, அவளிடம் எப்படியாவது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். தினமும் நினைத்தேன். சொன்னால் என்ன கேட்பாள்? இதனால் என்ன வரும் என்று கேட்பாள், எனக்குத் தெரியாது. அஞ்சு பிள்ளைகளுக்கும் என்ன ஆகும் என்று கேட்பாள், அதுவும் தெரியாது. நாளைக்கு மணல் சுமக்கப் போகலாமா என்று கேட்பாள். போகாவிட்டால் அவள் வீட்டில் என்ன வேகும்? என் கணவரின் வேலையும் ஒரு பக்கம் நின்று என் வாயைப் பொத்தியது. இதையெல்லாம் நியாயம்போல அடுக்கிக்கொண்டே இரண்டு மாதத்தைத் தள்ளினேன்.

அவள் வந்தாள். நடக்கவே கஷ்டப்பட்டாள். "டீச்சறே, எனக்கு நாளு நெருங்கியாச்சு. அதத் தாங்க."

எலி கடித்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். தொலைந்துபோயிற்று என்று அசடுவழிந்திருக்கலாம். என் பிள்ளையின் கடுகுத் தலையணையைத் தூக்கிக் கொடுத்து, இது டீச்சரின் அன்பளிப்பு என்று சொல்லியிருக்கலாம், அவள் சந்தோஷப்பட்டிருப்பாள். இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தோன்றிற்று. தோன்றிய பிறகும் செய்ய நாள் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்போது கிணற்றடிக்குப் போனேன். ஆணியிலிருந்து எடுத்து, சிலந்தி வலையைத் துடைத்து, தூசியைத் தட்டி, மரியாதையாக இரண்டு கையாலும் கொடுத்தேன்.

அவள் அதை முகத்தில் வைத்து மோந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"பிள்ளை மணமே இல்லியே டீச்சறே. தொவைச்சுப் போட்டியளா?"

"ஆமா" என்றேன்.

"எதுக்கு இந்தப் பாடு? நான் தொவைக்க மாட்டேனா?" என்று சொல்லி, என் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டுவிட்டு, தலையணையை வயிற்றின் மேல் அணைத்துப் பிடித்துக்கொண்டு கரைப் பக்கம் நடந்தாள்.

அந்த மணலால் யாருக்கு என்ன வந்தது, வரவில்லை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. படித்தவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நிலாவுக்கே ஆள் போய்விட்டு வந்துவிட்டான், இதை ஒருவரும் அடித்துச் சொல்லக் காணோம். அவளுக்கு ஆண்பிள்ளை பிறந்தது என்று மகள் வகுப்பில் வந்து சொன்னாள். அம்மா டீச்சரை வரச்சொன்னாள் என்றாள். நாளைக்கு வருகிறேன் என்றேன். அந்த ஊரில் நாங்கள் இன்னும் மூன்று வருடம் இருந்தோம். நான் போகவில்லை. போனால் அந்தப் பிள்ளையின் தலை எதன் மேல் கிடக்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கும்.