நீளம் குறிக்காத காம்பு

செய்தி வந்தபோது மாலை நான்கு மணி இன்னும் ஆகவில்லை. நாவோயே வீட்டின் பின்புறம் கணவாய் மீன்களை ஒவ்வொன்றாக விரித்துக் கயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். சோயாச்சாறு வியாபாரி ஓஹாதா சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சந்துக்குள் வந்தார். அவர் சைக்கிளைத் தள்ளி அவள் பார்த்ததேயில்லை. கோழிகள் மேல் ஏற்றினாலும் ஏற்றுவாரே தவிர இறங்கமாட்டார்.

"நாவோயேசான், கையைக் கழுவிட்டு வாங்க."

"எதுக்கு? கோயில் ஆபீஸ்ல உங்க சண்டை இன்னும் முடியலையா? மத்தியானச் சாப்பாடு ஆறிப்போயி கிடக்கு, அவர் வந்தா நானே நாலு வார்த்தை கேக்கலாம்னு இருக்கேன்."

"முடிஞ்சிடுச்சு." ஓஹாதா சைக்கிள் மணியின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். "அண்ணன் எழுந்திருக்கல. நாங்க பேசிக்கிட்டே இருந்தோம். தூங்குறாருன்னு நெனச்சோம்."

"எப்பவும் தூங்குறவர்தானே. தட்டி எழுப்ப வேண்டியதுதானே."

"எழுப்பினோம்," என்றார் ஓஹாதா.

நாவோயே கையிலிருந்த கணவாயை முதலில் கயிற்றில் மாட்டினாள். பிறகுதான் கை கழுவப் போனாள்.

நாவோயேயின் கணவர் ஷோகிச்சி, கிசாவா ஊரில் காம்பு செய்கிறவர். மண்வெட்டி, கோடரி, பனி அள்ளும் பலகை, மீன் துறட்டி, எல்லாவற்றுக்கும் காம்பு. கடலோர மீனவர் குடியில் நான்காவது பிள்ளையாகப் பிறந்து, நாவோயேயின் தகப்பனாருக்கு ஆண் வாரிசு இல்லாததால் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து, அவர்கள் குடும்பப் பெயரையே தன் பெயராகச் சூடிக்கொண்டவர். மாப்பிள்ளை என்ற கூச்சம் அவருக்குக் கடைசிவரை போகவில்லை. குளியல் தொட்டியில் எல்லாரும் குளித்து முடித்த பிறகுதான் இறங்குவார். தண்ணீர் ஆறியிருக்கும். "ஆறின தண்ணிதான் எனக்குப் பிடிக்கும்" என்பார். அது பொய் என்று அவளுக்குத் தெரியும்.

இலையுதிர் காலத் திருவிழா ஊர்வலத்துக்கு ஈட்டிகளைப் பழுதுபார்ப்பதும் அவர் வேலைதான். ஊர்க்காரர்கள் ஈட்டிகளை முனையைப் பார்த்துப் பெயர் சொல்வார்கள். ஒற்றை அலகு நேராக நீண்டால் சுயாரி. ஒரு பக்கம் அரிவாள் போலக் கொக்கி கிளைத்தால் காமாயாரி. இரண்டு பக்கமும் கிளைத்து, பத்து என்பதற்கான ஜப்பானிய எழுத்தைப் போலக் குறுக்கும் நெடுக்குமாக நின்றால் ஜூமோன்ஜி. ஷோகிச்சிக்கு இவை மூன்றும் ஒன்றுதான், மூன்றுக்கும் உருண்டைக் காம்பு. குத்துகிற ஆயுதத்துக்கு உருண்டை, வெட்டுகிற ஆயுதத்துக்கு முட்டை வடிவம் என்பது அவர் கணக்கு. வெட்டுகிற அலகுக்கு எந்தப் பக்கம் கூர் என்று கண் பார்க்காமலே கை சொல்ல வேண்டும்.

இதை அவர் அடி வாங்கித்தான் கற்றுக்கொண்டார். கல்யாணமான புதிதில் பெண்கள் பள்ளியிலிருந்து நாகினாதா பயிற்சிக்குக் காம்புகள் கேட்டார்கள். நாகினாதா என்பது நீண்ட கம்பின் நுனியில் வளைந்த வாளைச் செருகியது. பள்ளியில் வாளுக்குப் பதில் மூங்கில் பட்டை. ஷோகிச்சி ஈட்டி நினைப்பிலேயே எல்லாவற்றையும் அழகாக உருட்டி இழைத்துக் கொடுத்துவிட்டார். இரண்டாம் நாள் மாணவி ஒருத்தி பட்டறைக்குள் புகுந்து ஒரு காம்பை அவர் காலடியில் போட்டாள்.

"இது என்ன, நூடுல்ஸ் தேய்க்கிற உருளையா? எந்தப் பக்கம் வெட்டுதுன்னே தெரியாம என் சிநேகிதி முழங்காலை வீங்க வெச்சுட்டேன்!"

அந்த மாணவிதான் இப்போது அதே பள்ளியில் நாகினாதா சொல்லிக்கொடுக்கும் இவாமி டீச்சர். அத்தனை காம்புகளையும் ஷோகிச்சி திரும்ப வாங்கி, ஒன்று விடாமல் முட்டை வடிவத்துக்கு இழைத்துக் கொடுத்தார். டீச்சர் அதை இன்னும் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள். ஷோகிச்சியும் கூடச் சிரிப்பார்.

இந்த வருடம் சண்டை வந்தது ஹாச்சிமான் கோயிலின் பழைய அலகு ஒன்றைப் பற்றி. ஊர்க்கோட்டை இருந்த காலத்திலிருந்து வந்த நீண்ட வளைந்த அலகு அது. இரண்டாம் உலகப் போர் முடிந்து, வீட்டில் இருக்கும் வாள்களையெல்லாம் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொன்னபோது, அன்றைய பூசாரி காம்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அலகை மட்டும் கூரை வைக்கோலுக்குள் செருகி மறைத்தார். அலகு தப்பியது. காம்பு எங்கோ போய்விட்டது. இப்போது ஊர்வலத்தில் அதைத் தூக்கிப் போக ஆசைப்பட்டார்கள். தூக்க ஒரு காம்பு வேண்டும்.

அங்கேதான் சிக்கல். நீண்ட வெறுங்கம்பு போட்டால் அது நாகினாதா. குட்டையான பிடி போட்டு, வாளின் பிடியைப் போலக் கயிறு சுற்றினால் அது நாகாமாகி. அலகை மட்டும் பார்த்து இரண்டில் எது என்று சொல்ல யாராலும் முடியாது.

"அது நாகினாதாதான்," என்றாள் இவாமி டீச்சர். "சின்ன வயசுல அந்தக் கம்புல பூசாரியம்மா துணி காயப்போட்டதை என் கண்ணால பார்த்தேன். மூணு படுக்கை விரிப்பு காயும். அவ்வளவு நீளம்."

"நீங்க பார்த்தது மூங்கில். உங்களுக்கு அப்பவே கண்ணு சரியில்ல," என்றார் ஓஹாதா. "பூசாரி வீட்டுல அந்தப் பிடியை ஊறுகாய்ப் பீப்பாய் மூடிக்கு முட்டுக் கொடுத்தாங்க. என் தாத்தாவோட அப்பா காலாட்படையில இருந்தவரு. தூக்குனது நாகாமாகி."

"உங்க தாத்தாவோட அப்பா தூக்குனது சோயாப் பீப்பாய்!"

நாகினாதா என்று ஆகிவிட்டால் ஊர்வலத்தில் டீச்சரின் மாணவிகள் அதை ஏந்துவார்கள். நாகாமாகி என்றால் ஓஹாதாவின் தெருக்காரர்கள். காம்பு செய்யச் சொன்னது ஷோகிச்சியிடம். ஒருநாள் காலையில் ஓஹாதா வருவார், மறுநாள் டீச்சர் வருவாள். டீச்சர் இனிப்பு கொண்டுவருவாள், ஓஹாதா பெரிய பாட்டிலில் சோயா. வீட்டில் ஒரு வருடத்துக்குப் போதுமான சோயா சேர்ந்துவிட்டது.

ஷோகிச்சி ஓக் மரத்தில் நீளமாகவே ஒரு கம்பை எடுத்து முட்டை வடிவத்துக்கு இழைத்தார். மேல்முனையில் அலகின் வால் நுழைய வெட்டுக்குடைவும் செய்தார். நீளத்தை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தார். எந்தக் காம்பானாலும் அவர் பழக்கம் அதுதான். பிடிக்கப்போகிற ஆளை எதிரே நிற்கவைத்து, அவர் அக்குள் வரையோ நெற்றி வரையோ பார்த்து, சிறு கத்தியால் ஒரு கீறல் போட்டு அப்புறம்தான் வெட்டுவார்.

"இதைப் பிடிச்சவன் செத்து எத்தனையோ காலம் ஆச்சு. யாரை நிக்கவெச்சு அளக்கிறது?" என்று ஒருநாள் மிசோ சூப்பை ஊதிக்கொண்டே கேட்டார்.

"உங்களுக்கு எதுன்னு தோணுது?"

"எனக்குத் தெரியல. தெரியலைன்னு சொன்னா ரெண்டு பேரும் கோவிச்சுக்குவாங்க. அசதியா இருக்கு, நாவோயே."

"அசதின்னா கோயில் கூட்டத்துக்குப் போகாதீங்க. நான் போய்ச் சொல்றேன்."

"மாப்பிள்ளை வரலைன்னு பேசுவாங்க," என்றார். அறுபத்தொரு வயதிலும் அவர் இன்னும் மாப்பிள்ளைதான்.

அன்று கோயில் ஆபீஸில் நடந்ததுதான் கடைசிக் கூட்டம். இரண்டு பேரும் அவருக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து வாதாடினார்கள். நடுவில் அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். எப்போது போனார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தேநீர் ஊற்ற வந்த பெண்தான் அவர் கிண்ணம் தொடப்படாமல் ஆறியிருப்பதைப் பார்த்துத் தோளைத் தொட்டாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து தலையை வடக்கே வைத்துக் கிடத்தினார்கள். தலைமாட்டில் மடக்குத் தட்டியைத் துக்க வழக்கப்படி தலைகீழாக நிறுத்தினார்கள். இறந்தவரின் மார்பில் காவலுக்கு ஒரு கத்தி வைக்க வேண்டும். அந்த வீட்டில் எத்தனையோ ஆயுதங்களுக்குக் காம்பு செய்திருந்தும் ஆயுதம் என்று ஒன்றுமில்லை. நாவோயே பட்டறைக்குப் போய், அவர் நீளம் கீறுகிற சிறு கத்தியை எடுத்துவந்து, கூர் முகத்தைப் பார்க்காமல் திருப்பி வைத்தாள். டீச்சர் மூலையில் உட்கார்ந்து அழுதாள். ஓஹாதா அழவில்லை. வந்தவர்களின் செருப்புகளை வாசலில் வரிசையாகத் திருப்பி வைத்துக்கொண்டே இருந்தார்.

ஏழாம் நாள் சடங்கு முடிந்து எல்லாரும் போன பிறகும் அவர்கள் இரண்டு பேரும் போகவில்லை. நாவோயேவுக்குப் புரிந்தது. திருவிழாவுக்கு அதிக நாள் இல்லை.

"கேக்கவே நாக்கு கூசுது," என்று தொடங்கினாள் டீச்சர்.

"கூசினா கேக்காதீங்களேன்," என்றார் ஓஹாதா. பிறகு அவரே கேட்டார். "அண்ணன் உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா? எந்த இடத்துல வெட்டணும்னு? சாவு வீட்டுப் பொருள், இப்படியே கோயில் வாசலைத் தாண்டக் கூடாது. ஆனா பக்கத்து ஊர்த் தச்சன் வெட்டி, உப்புப் போட்டுச் சுத்தம் பண்ணினா ஏத்துக்கலாம்னு பூசாரி சொல்றாரு. அண்ணன் சொன்ன அளவுன்னா நாங்க ரெண்டு பேரும் மறுபேச்சு பேசமாட்டோம்."

"சத்தியமா," என்றாள் டீச்சர்.

நாவோயே மிகவும் களைத்திருந்தாள். ஏழு நாட்களாகப் படுத்தும் தூங்கவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், இருவரும் எழுந்து போய்விடுவார்கள். நீளம் என்றால் டீச்சருக்குச் சந்தோஷம், குட்டை என்றால் ஓஹாதாவுக்கு. எதைச் சொன்னாலும் அது ஷோகிச்சியின் வாயிலிருந்து வராத வார்த்தை. அந்த அலகு கோயிலில் இருக்கும்வரை அந்தப் பொய் அவர் பெயரில் நிற்கும். உயிரோடு இருந்தவரைக்கும் அடுத்தவர் வசதிக்காக ஆறின தண்ணீர் பிடிக்கும் என்று சொன்னவர். செத்த பிறகும் அவரைக்கொண்டு அப்படியொன்று சொல்லவைக்க அவளுக்கு மனமில்லை.

"தெரியலைன்னுதான் சொன்னாரு," என்றாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். உங்ககிட்ட சொல்லப் பயந்தாரு. நான் சொல்றேன். அவருக்குத் தெரியல."

டீச்சர் ஓஹாதாவைப் பார்த்தாள். ஓஹாதா பாயின் ஓரத்தைப் பார்த்தார். பிறகு மெல்ல, "அப்ப நீங்களே ஒரு இடத்துல வெட்டிக் குடுங்க. அவர் கூடவே வேலை செஞ்சவங்கதானே," என்றார்.

"யார் பிடிக்கப்போறாங்கன்னு தெரியாம இந்த வீட்டுல காம்பு வெட்டினதில்ல."

இரண்டு பேரும் எழுந்தார்கள். போகும்போது டீச்சர் ஓஹாதாவின் சைக்கிள் விளக்கை ஏற்றிப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வருடம் அலகு காம்பில்லாமலே ஊர்வலம் போனது. வெள்ளைத் துணி விரித்த பலகையில் வைத்து, ஒரு முனையை டீச்சரும் மறுமுனையை ஓஹாதாவும் பிடித்துக்கொண்டார்கள். ஒருவரை நம்பி மற்றவர் விடுவதாக இல்லை. டீச்சர் குட்டை, ஓஹாதா நெட்டை. பலகை வழியெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தே போனது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். நாவோயே பார்க்கவில்லை. துக்கம் காக்கிறவர்கள் கோயில் பக்கம் போகக் கூடாது. ஊர்வலத்தின் சத்தம் கேட்டபோது அவள் கணவாய்களைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

காம்பு பட்டறைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. மழைக்காலம் முடிந்ததும் அவள் அதற்கு எண்ணெய் தடவுகிறாள். மேல்முனையில் குடைவு முடிந்திருக்கிறது. அடிமுனை வெட்டப்படவில்லை, பூண் போடவில்லை. அதன் அடிமுகத்தில் மரக்கடைக்காரர் போட்ட சிவப்புச் சுண்ணக்கட்டிக் கோடு அப்படியே இருக்கிறது.