பிளே-ஓஃப் ஞாயிறு

என் அக்கா சிவனேஸ்வரியின் கணவர் யோகராஜா, லண்டன் வால்தம்ஸ்டோவில் கார் ஓட்டப் பழக்குகிறவர். ஸ்டியரிங்கைப் பிடித்ததும் கை நடுங்குகிற எத்தனையோ பேரை ரோட்டில் இறக்கி, சோதனை பாஸ் பண்ண வைத்திருக்கிறார். பஸ்ஸுக்கு முன்னால் காரை நிற்பாட்டிவிட்டு அழுகிறவர்களிடம்கூட, "பரவாயில்லை பிள்ளை, பதறாமல் திரும்ப ஸ்டார்ட் பண்ணு" என்பார். அவ்வளவு பொறுமை. ஆனால் கால்பந்தைப் பற்றி யாராவது பிழையாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அந்தப் பொறுமை போன இடம் தெரியாது.

அத்தானின் அணி லீ பிரிட்ஜ் ரோவர்ஸ். மூன்றாம் பிரிவில் உருண்டுகொண்டிருக்கிற சின்னக் கிளப். உலகத்துக்கே தெரிந்த கிளப்புகள் இந்த ஊரில் மலிந்து கிடக்க, இந்த மனிதன் போய்ப் பிடித்தது இதைத்தான். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். அகதியாக வந்த புதிதில் ஐந்து பேரோடு ஓர் அறையில் இருந்தாராம். சனிக்கிழமைகளில் பக்கத்து மைதானத்தின் சத்தம் யன்னல் வழியே வரும். ஒருநாள் போய் டிக்கெட் எடுத்து உட்கார்ந்தார். ரோவர்ஸ் கோல் போட்டதும் பக்கத்தில் இருந்த தடித்த வெள்ளைக்காரன் அவரை இறுக்கிக் கட்டிப்பிடித்துவிட்டான். "இந்த நாட்டில என்னை முதன்முதல் கட்டிப்பிடிச்ச ஆள் அவன்தான் மச்சான்" என்றார் அத்தான். அதற்குப் பிறகு நான் அவரைக் கேலி செய்வதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். முழுக்க விடவில்லை.

மகள் ஜதுர்ஷிகாவுக்கு ஆறு வயதானதிலிருந்து அவளையும் கூட்டிப்போகத் தொடங்கினார். மழையென்றாலும் பனியென்றாலும் இரண்டு பேரும் ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்து இருக்கைகளில் இருப்பார்கள். பல்கலைக்கழகம் போனாள், பார்மசிஸ்ட் ஆனாள், அந்த இருக்கையை மட்டும் விடவில்லை. அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். "பொம்பிளைப் பிள்ளையைக் கெடுத்து வைச்சிருக்கிறார்" என்பது அவளுடைய நிரந்தர முறைப்பாடு.

அந்த முறைப்பாட்டுக்கு இரண்டு வருடத்துக்கு முன்னர் நல்ல ஆதாரமும் கிடைத்தது. பெண் பார்க்க வந்த ஒரு பகுதியில், மாப்பிள்ளையின் பெரியப்பா, "மூண்டாம் பிரிவெல்லாம் ஒரு விளையாட்டோ?" என்று சிரித்தார். அத்தான் விடவில்லை. அந்த மனிதர் ஆதரிக்கும் பெரிய கிளப்பின் மானத்தைக் கப்பலேற்றினார். வந்தவர்கள் பாயசம்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். சம்பந்தம் அதோடு சரி. ஜதுர்ஷிகாவுக்கு அந்தப் பையனில் பெரிய விருப்பம் இருக்கவில்லை என்பது வேறு கதை.

இந்த முறை அப்படியில்லை. தென்லண்டனில் மிச்சம் என்கிற ஊரில் இருக்கும் ஆரணனை அவளே விரும்பினாள். வீட்டில் சொன்னாள், சாதகமும் பொருந்தியது. ஆனால் ஆரணன் ஜூனில் வேலைக்காக மெல்பேர்ன் போகிறான். அதற்குள் கலியாணம் முடிந்தால்தான் அவளும் கூடப் போகலாம். ஐயர் பார்த்துச் சொன்னதில் இரண்டு பேருக்கும் பொருந்தி வந்த நாள் ஒன்றே ஒன்று. மே மாதத்து நீண்ட விடுமுறையின் ஞாயிறு. மண்டபக்காரனும் அந்த நாளை எங்களுக்காகப் பிடித்துவைத்திருந்தான். ஆனால் வேறொரு பகுதி கேட்டுக்கொண்டு நிற்கிறது, இந்த ஞாயிறு பின்னேரத்துக்குள் முடிவு சொல்லுங்கள் என்றான்.

அந்த நாளைக் கேட்டதும் அத்தான் என்னைத் தனியாகக் காருக்குள் கூப்பிட்டார்.

"மச்சான், அண்டைக்குத்தான் பிளே-ஓஃப் பைனல்."

எனக்கு இந்தக் கணக்கெல்லாம் அவர் புண்ணியத்தில் தெரியும். மூன்றாம் பிரிவில் முதல் இரண்டு இடத்துக்கு வருகிற அணிகள் நேரே மேலே போகும். மூன்றிலிருந்து ஆறு வரை வருகிறவை தங்களுக்குள் மோதும். அதுதான் பிளே-ஓஃப். அதில் மிஞ்சுகிற இரண்டும் வெம்ப்ளி பெரிய மைதானத்தில் விளையாடும், வெல்கிறது மேலே போகும். ரோவர்ஸ் அப்போது ஐந்தாவது இடத்தில் இருந்தது. அத்தானின் காலத்தில் அது ஒருதரமும் வெம்ப்ளியைக் கண்டதில்லை.

"அத்தான், இன்னும் அரைவாசி சீசன் கிடக்குது. வந்தால்தானே?" என்றேன்.

"வரும்" என்றார். "ஒருத்தருக்கும் சொல்லாத. ஜதுவுக்குத் தெரிஞ்சாலும் தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்கொள்ள மாட்டாள்."

முடிவு சொல்ல வேண்டிய அந்த ஜனவரி ஞாயிறு, மாப்பிள்ளை பகுதி வந்தது. ஆரணனின் தகப்பன் கருணைலிங்கம், தாய் அருமைநாயகி, ஆரணன். அவர்கள் வருவதற்கு முன் அக்கா அத்தானிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். "பந்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. அவையள் என்ன சொன்னாலும் ஓமெண்டு சொல்லோணும். இதுவும் குழம்பினால் பிள்ளை தாங்க மாட்டாள்." அத்தான் சாமிப்படத்துக்கு முன்னால் தலையாட்டினார்.

வடையும் தேத்தண்ணியும் வந்தன. குளிரைப் பற்றிப் பேசினார்கள். மெல்பேர்னில் வீட்டு விலையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு கருணைலிங்கம் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, "என்ன அண்ணை, ஆரணன் சொன்னவன். நீங்கள் ரோவர்ஸாம். நான் வாண்டில் அத்லெட்டிக்" என்றார்.

வாண்டில், ரோவர்ஸுக்கு மேலே மூன்றாவது இடத்தில் நின்ற தென்லண்டன் கிளப். அத்தானின் வாயில் அதன் பெயர் நல்லபடியாக வந்து நான் கேட்டதில்லை.

"ஓ, நல்ல ரீம்" என்றார் அத்தான்.

அக்கா மூச்சு விட்டாள்.

"இந்த முறை பிளே-ஓஃப்புக்கு ஆர் வருவினமெண்டு நினைக்கிறீங்கள்?"

"உங்கட வாண்டில்தான். வேற ஆர்?"

"உங்கட ஆக்கள் வராயினமோ?"

"கஷ்டம்."

கருணைலிங்கத்துக்குக் குஷி பிறந்துவிட்டது. ரோவர்ஸின் பின்வரிசையில் நிற்கிறவன் கிழவன், திரும்புவதற்குள் எதிராளி வீட்டுக்கே போய்விடுவான் என்றார். அத்தான் "ஓம்" என்றார். கோல் கீப்பருக்கு உயரப் பந்து பிடிக்கத் தெரியாது என்றார். அதற்கும் "ஓம்". இரவல் வந்து கோல் போடுகிற பொடியனை அவனுடைய சொந்தக் கிளப் இந்த மாதமே திருப்பிக் கூப்பிட்டுவிடும், பிறகு ரோவர்ஸ் பன்னிரண்டாம் இடம் என்றார். "இருக்கலாம்" என்றார் அத்தான். அவரது வலது கால், பழக்குகிற காரில் பிரேக்கை மிதிக்கிற மாதிரி, கம்பளத்தை அழுத்திக்கொண்டிருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண்ணைப் பெற்றவன் முதுகெலும்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் சம்பந்தி முன்னால் உட்கார வேண்டும் என்று எவன் சட்டம் போட்டான்? குசினி வாசலில் ஜதுர்ஷிகா தட்டோடு நின்றாள். தகப்பனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் சிவந்திருந்தது.

திடீரென்று கருணைலிங்கம் கையிலிருந்த வடையைத் தட்டில் வைத்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"அண்ணை, ஒண்டு கேக்கிறன். கோவிக்கக் கூடாது."

"கேளுங்கோ."

"இத்தனை வருசமா மழைக்க நனைஞ்சு போய்ப் பாத்த ரீம். நான் நாலு வார்த்தை சொன்ன உடன விட்டுட்டீங்கள். நாளைக்கு எங்கட பக்கத்தில ஆரும் உங்கட மகளைப் பற்றி நாலு வார்த்தை சொன்னாலும், இப்பிடித்தான் ஓமெண்டு தலையாட்டுவீங்களோ?"

அருமைநாயகி, "என்னப்பா நீங்கள்" என்று கணவனின் முழங்கையைத் தொட்டாள். அக்காவின் முகத்தில் இரத்தமே இல்லை. வாயைத் திறந்து ஒரு சம்பந்தத்தைக் குழப்பியவர், வாயை மூடி இன்னொன்றைக் குழப்பப் போகிறார் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

அத்தான் அக்காவைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"அந்தக் கிழவன் திரும்ப மாட்டான்தான் அண்ணை. ஆனால் அவன் திரும்பத் தேவையில்லாத இடத்தில முதலே நிப்பான். இந்தப் பிரிவில ஆகக் குறைய கோல் வாங்கின ரீம் ஆரெண்டு பாத்தனீங்களோ?"

"அது உங்கட சொந்த மைதானத்தில."

"வெளியிலயும்தான். உங்கட வாண்டில் மூண்டாவதாய் நிக்குதெண்டால், இவ்வளவு நாளும் அடியில கிடக்கிற ரீமுகளோட விளையாடினபடியால்தான். மேல நிக்கிற ரீமுகளோட வெளி மைதான மட்ச் எல்லாம் மார்ச்சில கிடக்குது. அப்ப தெரியும் சங்கதி."

"எங்களிட்ட ரெண்டு ஸ்ட்ரைக்கர் இருக்கினம்!"

"ஒருத்தனுக்கு முழங்காலில காயம், மற்றவன் பெனால்டி மட்டும்தான் அடிப்பான்" என்று குசினி வாசலிலிருந்து குரல் வந்தது. ஜதுர்ஷிகா.

"ஜது!" என்றாள் அக்கா.

அவள் தட்டை என் கையில் தந்துவிட்டு உள்ளே வந்து தகப்பனுக்குப் பக்கத்தில் நின்றாள். பிறகு நடந்ததை முழுதாக எழுத எனக்கு ஏலாது. தகப்பன் ஒன்றைச் சொல்ல மகள் அதற்கு ஆதாரம் சொன்னாள். இரவல் பொடியனின் ஒப்பந்தம் சீசன் முடியும் வரைக்கும் என்றாள். கருணைலிங்கம் எழுந்து நின்று கையை ஆட்டினார். "பிளே-ஓஃப் எண்டால் நெஞ்சுரம் வேணும், அது உங்கட ஆக்களிட்ட எங்க கிடக்குது?" என்றார். "பின்னுக்கு நிண்டு சமாளிச்சு வெண்ட மட்ச்சுகளைப் பாத்தனீங்களோ? பாக்காமல் கதைக்கக் கூடாது!" என்று அத்தான் மேசையில் அடித்தார். தேத்தண்ணி சிந்தியது. ஆரணன் பாவம், எந்தப் பக்கம் தலையாட்டுவதென்று தெரியாமல் தரையைப் பார்த்தான். அக்கா கண்ணை மூடிவிட்டாள்.

"ரோவர்ஸ் வெம்ப்ளிக்குப் போகும்" என்றார் அத்தான். "எழுதி வையுங்கோ."

கருணைலிங்கம் மெல்ல உட்கார்ந்தார். "இப்பதான் நீங்கள் உள்ளதைக் கதைக்கிறீங்கள்" என்றார். கோபம் போய்விட்டது. ஆனால் சிரிக்கவில்லை. "அப்ப அண்ணை, வெம்ப்ளி எண்டைக்கெண்டு உங்களுக்குத் தெரியும்."

அத்தான் மேசையில் சிந்தின தேத்தண்ணியைத் துடைக்கத் தொடங்கினார்.

"எனக்கும் தெரியும். ஐயர் நாளைச் சொன்ன உடன நான் போய்ப் பாத்தனான்."

அக்கா கண்ணைத் திறந்தாள். "எண்டைக்கு? என்ன?"

நான்தான் சொன்னேன். அக்கா என்னையும் அத்தானையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மண்டபத்தில ஒரு ஸ்கிரீன் போட்டால்?" என்று ஆரணன் வாய் திறந்தான்.

"மகளைத் தாரை வார்க்கேக்க இவர் ஸ்கிரீனைப் பாத்துக்கொண்டு நிப்பார்" என்றாள் அக்கா. அந்த யோசனை அங்கேயே செத்தது.

கருணைலிங்கம் முன்னால் குனிந்தார். "பகிடி இல்லை அண்ணை, மனசாரச் சொல்லுறன். அடுத்த வருசம் தையில வைப்பம். பொடியன் மெல்பேர்னில இருந்து வந்து கட்டிக்கொண்டு போகட்டும். உங்கட பிள்ளை அதுவரைக்கும் உங்களோட இருக்கட்டும். நீங்கள் ரெண்டுபேரும் வெம்ப்ளிக்குப் போங்கோ. நாங்கள் ஒண்டும் நினைக்க மாட்டம். நீங்கள் சொல்லுறதுதான்."

இதைவிடப் பெரிய தருமம் ஒரு சம்பந்தி செய்ய முடியாது. இதைவிடப் பெரிய கொடுமையும் செய்ய முடியாது என்று எனக்குத் தோன்றியது. வெம்ப்ளியும் கிடைக்கும். மகளும் வருகிற கோடை முழுக்க வீட்டில் இருப்பாள், புதுச் சீசனிலும் அரைவாசிக்குப் பக்கத்து இருக்கையில் இருப்பாள். ஓம் என்று ஒரு சொல் போதும். சற்று முன்வரை அந்தச் சொல்லைத்தானே எல்லாவற்றுக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அத்தான் ஜதுர்ஷிகாவைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. ஆரணனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் தரையை விட்டுத் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான். அடுத்த தை மாதம் அந்த இரண்டு பேருக்கும் எவ்வளவு தூரம் என்பது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

"வேண்டாம்" என்றார் அத்தான். "அந்த ஞாயிறே வைப்பம்."

"யோசிச்சுச் சொல்லுங்கோ."

"யோசிச்சிட்டன்." எழுந்து ஃபோனை எடுத்து, எல்லோருக்கும் முன்னாலேயே மண்டபக்காரனைக் கூப்பிட்டு நாளை உறுதி செய்தார். வழக்கமாகக் கார் பழக வருகிறவர்களுக்கு நேரம் கொடுக்கிற அதே குரல்தான். அருமைநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கருணைலிங்கம் வந்து அத்தானின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பாயசம் எல்லோரும் குடித்தார்கள்.

அவர்கள் போன பிறகு நான் கோப்பைகளைக் குசினிக்குக் கொண்டுபோனேன். ஜதுர்ஷிகா கழுவிக்கொண்டிருந்தாள். அத்தான் துவாயோடு பக்கத்தில் நின்று துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ரோவர்ஸ் வெம்ப்ளிக்குப் போகுமெண்டு இவ்வளவு நம்பிக்கை வைச்சுக்கொண்டு ஏனப்பா அந்த நாளுக்கு ஓமெண்டனீங்கள்?" என்றாள்.

"ரோவர்ஸ் அடுத்த வருசமும் விளையாடும் பிள்ளை."

அவள் தண்ணியை நிறுத்தினாள். "அடுத்த வருசம் உங்களுக்குப் பக்கத்து சீற்றில ஆர் இருப்பினம்?"

அத்தான் கையிலிருந்த கோப்பையைத் துடைத்துக்கொண்டே நின்றார். அது எப்போதோ காய்ந்துவிட்டது. கோப்பைகளை வைத்துவிட்டு நான் போயிருக்கலாம், போகவில்லை.

"வாற சனி ஹோம் மட்ச்" என்றார் அத்தான் கடைசியில். "நேரத்துக்கு வெளிக்கிடோணும். பிந்தாத."

"ஓமப்பா" என்றாள் அவள்.