தானாகச் சொன்ன சொற்கள்

முதலில் நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. பேச்சு மொழி சிகிச்சையில் முதுகலை இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில், பக்கவாதம் வந்து பேச்சு போன ஒரு பெண்ணின் கேஸ் எனக்குக் கிடைத்தது. போனக்காட்டு மலையில் தேயிலை பறித்தவர், வீட்டில் தமிழ் பேசுகிறவர். எல்லாரும் மலையாளம் பேசும் எங்கள் வகுப்பில் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.
2. ஆறு செஷன் எடுத்தேன். அவர் தானாக ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.
3. ஏழாவது செஷன் அன்று எனக்குக் காய்ச்சல். எனக்குப் பதிலாக என் தோழி எடுத்தாள். அவர் நாலு சொல் சொன்னார்.
4. எங்கள் பேராசிரியை கேஸை அவளுக்கு மாற்றினார்.
5. தோழிக்குத் தமிழ் எழுத வராது. அவளுடைய செஷன் வீடியோக்களைப் பார்த்து, பேசியதை எழுதி, மதிப்பிடும் வேலை எனக்கு வந்தது.
6. நான் தப்பாக மதிப்பிட்டேன். தெரிந்தேதான்.

அந்த நோய்க்கு அஃபேஷியா என்று பெயர். எதிரில் இருப்பது சீப்பு என்று தெரியும், அதை எடுத்துத் தலை வாரவும் தெரியும், 'சீப்பு' என்ற சொல் மட்டும் வராது. சொல் வராதபோது நாங்கள் உதவி கொடுப்போம். முதல் எழுத்தைச் சொல்வோம், அல்லது பாதி வாக்கியத்தைச் சொல்லி நிறுத்துவோம். உதவியில்லாமல் வந்த சொல் 'தானாக' என்ற கட்டத்திலும், உதவி பெற்று வந்தது 'உதவியுடன்' என்ற கட்டத்திலும் போகும். முன்னேற்றம் என்று நாங்கள் கணக்கில் எடுப்பது முதல் கட்டத்தைத்தான்.

இந்த கேஸுக்காக நாற்பது படங்களை வெட்டி லேமினேட் செய்தேன். எளிதிலிருந்து கடினத்துக்கு அடுக்கினேன். ஒவ்வொரு செஷனுக்கும் திட்டம் எழுதினேன், ஸ்டாப்வாட்ச் வைத்தேன். வலியசாலையில் வளர்ந்து, பள்ளியில் மலையாளமும் வீட்டில் அம்மாவிடம் தமிழும் படித்த எனக்கு, அந்தத் தமிழ் என் படிப்புக்கு உதவிய முதல் சந்தர்ப்பம் இது. என் ஆய்வும் இந்த கேஸை வைத்துத்தான் என்று பேச்சு இருந்தது.

தோழி அப்படி இல்லை. கோட்டில் எப்போதும் ஒரு பட்டன் குறையும். திட்டத்தை செஷன் முடிந்த பிறகு எழுதுவாள். படங்களை மறந்துவிட்டு வந்து, பையிலிருந்து குடையையும் பவுடர் டப்பாவையும் எடுத்து மேஜையில் வைப்பாள்.

காய்ச்சல் முடிந்து நான் போனபோது, வராந்தா பெஞ்சில் அந்தப் பெண்ணின் கணவர் உட்கார்ந்திருந்தார்.

"இவ வாயத் தொறந்துட்டா தாயி! அந்த மலையாளத்துப் புள்ளகிட்ட நல்லாப் பேசுதா."

"ரொம்ப சந்தோஷம்" என்றேன்.

"ஒங்ககிட்டயும் பேசுவா. கோவிச்சுக்காதிய."

கோபமில்லை என்றேன். தோழி உள்ளேயிருந்து ஓடி வந்தாள்.

"எடீ, ஞான் ஒண்ணும் செய்யலை. சும்மா வர்த்தமானம் பேசினேன், அவ்வளவே உள்ளு."

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நாற்பது அட்டை தயாரித்து நான் பெறாததை அவள் சும்மா பேசிப் பெற்றிருந்தாள். அன்று பஸ்ஸில் திரும்பும்போது அவள் குறைகளை மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன். கிழக்கேகோட்டையில் இறங்குவதற்குள் பதினொரு குறை சேர்ந்திருந்தது. பொறாமை என்று அதற்கு நான் பெயர் வைக்கவில்லை. தொழில் ஒழுங்கு பற்றிய கவலை என்று நினைத்துக்கொண்டேன்.

வீடியோக்களை மாடி அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு எழுதுவேன். பேசாமல் இருந்த நேரத்தையும் எத்தனை விநாடி என்று அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும். முதலில் என் பழைய ஆறு செஷன்களையும் எழுதி முடித்தேன். அவற்றில் பெரும்பாலும் இரண்டு, மூன்று. கேள்வி கேட்பேன், இரண்டு விநாடி, உடனே முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்துவிடுவேன். எனக்குச் சொல் தெரியும், அது நாக்கு நுனியில் காத்திருக்கும். தோழியின் வீடியோவில் ஒன்பது, பன்னிரண்டு, பதினாலு.

அவள் பொறுமைசாலி என்று சொல்ல முடியாது. அவளுக்கே தமிழ் வரவில்லை, அதுதான் காரணம். ஒரு வீடியோவில் அவள் தோளைக் குறுக்கிக்கொண்டு கேட்கிறாள்:

"அங்க மலையில பயங்கர தணுப்பு அல்லே அம்மா? தணுப்பு... தமிழ்ல எந்தா அதுக்கு... ஐயோ, எனக்கு வரலையே."

நெற்றியில் தட்டிக்கொள்கிறாள். எதிரில் அந்தப் பெண் அவளையே பார்க்கிறார். பதினொரு விநாடி. வாய் ஒரு பக்கமாகக் கோணுகிறது.

"கு... குளுரு."

"ஆ! குளுரு!"

"குளுரு. ரொம்ப." பிறகு சிரிக்கிறார், தோழிக்குப் பாடம் எடுத்துவிட்ட சிரிப்பு.

நான் வீடியோவை நிறுத்தினேன். மூன்று தடவை திருப்பிப் போட்டேன். அப்புறம் இரண்டு சொல்லையும் 'உதவியுடன்' கட்டத்தில் எழுதினேன். குறிப்பு: சிகிச்சையாளர் சைகை காட்டினார், பொருளை வேறு மொழியில் சொன்னார்.

இதற்கு வாதம் உண்டு. யாராவது கேட்டிருந்தால் புத்தகத்தைத் திறந்து காட்டியிருப்பேன். ஆனால் 'ரொம்ப' என்பதற்கு யாரும் எந்த உதவியும் கொடுக்கவில்லை. அது எனக்கு அப்போதே தெரியும். அடுத்த வீடியோக்களிலும் அப்படியே செய்தேன். சாதாரணமாக இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பிட்டு ஒப்பிடுவோம். இந்த கேஸில் இரண்டாவது ஆள் இல்லை. நான் எழுதியதுதான் முடிவு.

தோழி மதிப்பீட்டுத் தாளைப் பார்த்து முகம் வாடினாள். "இத்தரயே உள்ளோ? எனக்கு நிறைய பேசின மாதிரி தோணிச்சு. சரி, நீ எழுதினா தெத்தாது, சரியாத்தான் இருக்கும்." சந்தேகப்பட்டிருந்தால் எனக்குச் சண்டை போடவாவது வழி இருந்திருக்கும்.

அவள் பத்து செஷன் முடித்ததும் பேராசிரியை கணவன் மனைவி இருவரையும் அழைத்துப் பேசினார். தாள் அவர் கையில் இருந்தது. தானாக வரும் சொல் கூடாவிட்டால் வீட்டுப் பயிற்சி கொடுத்து அனுப்பிவிட்டு, மூன்று மாதம் கழித்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். அவர் மலையாளத்தில் சொன்னார், நான் தமிழில் சொன்னேன்.

"அப்ப அடுத்த வாரம் வராண்டாமா?" என்றார் கணவர். அவர்கள் விடிகாலை பஸ்ஸைப் பிடித்து மலையிறங்கி வருகிறவர்கள். அதை விட்டால் அன்றைக்கு வர வழியில்லை. "பஸ்ஸுக்காக யோசிக்கியளோ? அது எங்களுக்குப் பழக்கம் தாயி."

அந்தப் பெண்ணுக்கு எல்லாம் புரிந்தது. புரிவதில் அவருக்கு எந்தக் குறையும் இல்லை. இடது கையை மேஜையில் ஊன்றி, என்னைப் பார்த்து வாயைத் திறந்தார்.

"வ..."

"வரணுமா?" என்றேன்.

வாயை மூடிக்கொண்டார். தலையை மட்டும் ஆட்டினார்.

"அவளே சொல்ல வந்தா" என்றார் கணவர். குரலில் கோபம் இல்லை. தகவலாகத்தான் சொன்னார்.

அவர்கள் வராந்தாவுக்குப் போன பிறகு நான் பேராசிரியையின் அறையிலேயே நின்றேன்.

"மேடம், அந்தத் தாள் சரியில்லை. நான் மறுபடி மதிப்பிடணும்."

"மதிப்பிடற முறையில கருத்து வேறுபாடா, வேற ஏதாவதா?" மலையாளத்தில்தான் கேட்டார்.

"வேற ஏதோ, மேடம்."

கையிலிருந்த தாளை மேஜையில் வைத்தார். "அவங்களை பஸ்ஸுக்குப் போகவிடாம உட்காரச் சொல்லு. வீடியோக்களை இப்பவே எடுத்துண்டு வா. பழைய தாளைக் கிழிக்காதே, ரெண்டும் ஃபைல்ல இருக்கட்டும்."

முதல் தாளில் தானாகச் சொன்னவை நாலு. இரண்டாவதில் பத்தொன்பது. ஒவ்வொரு சொல்லுக்கும் வீடியோவை ஓடவிட்டு, அது வந்த இடத்தை அவருக்குக் காட்டினேன். ஒரு சொல்லில் மட்டும் எனக்கு உண்மையாகவே சந்தேகம் இருந்தது. அதை 'உதவியுடன்' கட்டத்திலேயே விட்டேன்.

இப்போது நிலை இது. அந்தப் பெண்ணின் சிகிச்சை தொடர்கிறது, வாரம் இரண்டு நாள். கேஸ் தோழியுடையது, ஆய்வும் அவளுடையது. எனக்கு வேறு தலைப்பு தந்திருக்கிறார்கள், குழந்தைகளின் உச்சரிப்பு பற்றி. வீடியோக்களை இன்னும் நான்தான் எழுதுகிறேன். புதிதாகச் சேர்ந்த, தமிழ் தெரிந்த ஒரு ஜூனியர் இரண்டாவதாக மதிப்பிடுகிறாள். எண்ணிக்கையில் பிழை இருந்தது, திருத்திவிட்டோம் என்று மட்டும் தோழியிடம் சொல்லப்பட்டது. என்ன பிழை என்று நான் இன்னும் சொல்லவில்லை. பொறாமையும் போகவில்லை.