புகையறையும் நான்கு மூக்குகளும்

டப், டப் என்று அடுப்புக்குள் கட்டை வெடிக்கிற சத்தம்தான் முதலில் கேட்கும். புகையறை இருட்டுக்குக் கண் பழகிய பிறகுதான் மேலே வரிசையாகத் தொங்கும் ரப்பர் ஷீட்டுகள் தெரியும். இரவெல்லாம் அவற்றுக்குப் புகை போட்டுக் காய வைப்பது என் வேலை. புளித்த ரப்பர் பாலும் புகையும் சேர்ந்த வாடை எந்தச் சோப்புக்கும் போகாது. வேலையின் வாடையை வீட்டுக்குச் சுமந்து போகிறவர்களே, உங்களுக்கு இது தெரியும். மகள் சாந்திக்கு மாப்பிள்ளை தேடத் தொடங்கியதும் எனக்கு அதுதான் கவலை. ஏற்கெனவே ஒரு சம்பந்தம் எங்கள் தோட்ட லயத்து வீட்டு வாசலிலேயே மூக்கைச் சுளித்துக்கொண்டு திரும்பியிருந்தது.

ரசம்

பியதாச என்னோடு விறகு ஏற்றுகிற சிங்களவர். நன்றாகத் தமிழ் பேசுவார்; என்னை மட்டும் சிங்களத்தில் 'மல்லி', அதாவது தம்பி, என்பார். ஒருநாள் நான் சாப்பாட்டுக் கேரியரைத் திறந்ததும் ரசத்தின் பெருங்காய வாடையில் பதறிப்போனார். அவர் வீட்டில் பெருங்காயம் குழந்தைக்கு வயிறு நொந்தால்தான் போத்தலை விட்டு வெளியே வருமாம். நான் ரசம் குடிப்பதைப் பரிதாபமாகப் பார்த்துக் கேட்டார்: "மல்லி, நோவு ஒனக்கா, வீட்டுல புள்ளைக்கா?"

வெள்ளைக்காரம்மா

அவிசாவளை பஸ்ஸில் என் பக்கத்து ஸீட்டில் யாரும் விரும்பி உட்காருவதில்லை. ஆனால் கித்துல்கல ஆற்றில் படகு விட்டுத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரம்மா, வேனை நிறுத்தி இறங்கி, புகையறை வாசலில் கண்ணை மூடி மூச்சை இழுத்தார். கூட வந்த கைடு சிரித்தான்: "அவங்க ஊர்ல மீனுக்கு இப்படித்தான் புகை போடுவாங்களாம். பசிக்குதாங்க அவங்களுக்கு."

பெண் பார்க்க வந்தவர்கள்

எம்பிலிப்பிட்டியவில் கருவாட்டுக் கடை வைத்திருக்கும் குடும்பம். நான் இரண்டு தரம் குளித்து, தள்ளி ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அப்படியும் மாப்பிள்ளையின் அம்மா, "என்னங்க, ஏதோ கருகுற வாடை?" என்று முந்தானையை மூக்குக்குத் தூக்கினார். இதுவும் போயிற்று என்று நினைத்தேன்.

தேத்தண்ணி கொண்டுவந்த சாந்தி நின்றாள். "அப்பா வேலை வாடைங்க, அத்தை. எங்களுக்குத் தெரியிறதில்ல. ஒங்க கருவாட்டு வாடை ஒங்களுக்குத் தெரியுதுங்களா?"

அந்த அம்மா தன் உள்ளங்கையை முகர்ந்தார். மற்றக் கையையும் முகர்ந்தார். பிறகு மகன் பக்கம் திரும்பினார்: "ஏன்டா, நம்ம மேல வாடை அடிக்குதுன்னு நீ ஒருநாளும் சொல்லலியே?" அவர் சிரித்த சிரிப்பில் கல்யாணம் முடிவாயிற்று.

தீபாவளிக்கு வந்தவள்

கல்யாணமாகிப் போய் முதல் தீபாவளிக்கு வந்த சாந்தி, எனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு புகையறைக்கு வந்தாள். அவள் சேலையில் கருவாடு மணத்தது, நான் சொல்லவில்லை. வாசலைத் தாண்டாமல் நின்று, தலைப்பை மூக்கில் வைத்தாள்: "ஐயோ, என்னப்பா இந்த நாத்தம்! இதுக்குள்ளயா நாம இத்தன நாளு இருந்தோம்?"

மூக்குக்கு ஒரு நேரத்தில் ஒரு வீடுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அடுப்புக்குள் இன்னொரு கட்டையைத் தள்ளினேன்.