அக்காவின் கறி விலக்கும் ராஜபாளையத்து மத்தியதரைக் கடல் உணவகமும்

ராஜபாளையத்தில் மத்தியதரைக் கடல் உணவகம் என்றபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே போனேன். அக்காவுக்காக.

அத்தான் இறந்து ஏழு மாதம் ஆகிறது. கருமாதி முடிந்ததும் பிறந்த வீட்டார் கறிச்சோறு போட்டுத் துக்க வீட்டின் கறி விலக்கைத் தீர்ப்பது எங்கள் வழக்கம். அக்காவுக்குப் பிறந்த வீடு என்று மிஞ்சியிருப்பது நான் ஒருத்திதான். எத்தனையோ முறை கூப்பிட்டும் வர மறுத்தாள். ரசமும் மோரும் குடித்தே உடம்பு பாதியாகிவிட்டது. கடைசியில், "போடுறதுன்னா அந்தக் கடையில போடு" என்றாள்.

அத்தான் ராணுவத்தில் இருந்தபோது ஐ.நா. படையோடு லெபனானில் இருந்தவர். அங்கே சாப்பிட்ட சுட்ட ஆட்டுக்கறியைப் பற்றி ஓய்வு பெற்ற பிறகும் ஓயாமல் பேசுவார். இந்த உணவகத்துக்குப் பலகை வைத்தபோதே, திறந்ததும் கூட்டிப் போவதாக அவளிடம் சொல்லியிருந்தார். திறந்தபோது அவர் மருத்துவமனையில் இருந்தார்.

மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ்ஸில் இரண்டு மணி நேரம். அங்கே மடவார் வளாகத்து வீட்டிலிருந்து அக்காவை அழைத்துக்கொண்டேன். அங்கிருந்து ராஜபாளையம் பன்னிரண்டு கிலோமீட்டர். பிறகு ஆட்டோ, எண்பது ரூபாய்.

"ரொட்டிய மாவுல தொட்டுத் திங்கிற கடைதானக்கா?" என்றார் ஓட்டுநர். "அங்கன தின்னுட்டு வாரவிய, நேரா புரோட்டாக் கடைக்கு விடுன்னுல்லா சொல்லுதாவ."

அக்கா சிரித்தாள். நான் அதைப் பார்த்து நாளாகியிருந்தது.

வெள்ளைச் சுவர், நீல ஜன்னல், தொட்டியில் ஆலிவ் செடி. தொட்டுப் பார்த்தேன், பிளாஸ்டிக். ரொட்டி, ஹம்மஸ் என்ற கொண்டைக்கடலை விழுது, கம்பியில் சுட்ட ஆட்டுக்கறி சொன்னோம். பரிமாறுபவர் இடுக்கியால் கறியை அழகாக அடுக்கி வைத்துவிட்டுப் போனார். அக்கா தொடவில்லை.

"ஆறிருமேக்கா."

"ஏட்டி, விலக்குத் தீர்க்க வந்தது நீயா, அவனா? நீ வைக்காம எப்படித் திங்க?"

மறந்தே போயிருந்தேன். ஒரு துண்டைக் கையால் எடுத்து அவள் தட்டில் வைத்தேன். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதத் தின்னுட்டா முடிஞ்சு போச்சுல்லா?"

"என்னதுக்கா?"

"அவிய போனது."

இத்தனை நாள் ஏன் வர மறுத்தாள் என்று அப்போதுதான் புரிந்தது. அவளே எடுத்து வாயில் வைத்தாள்.

"உப்பே இல்ல. இதுக்கா அவிய அம்புட்டு அலட்டுனாவ?"

கண்ணீர் வழிய வழிய முழுவதையும் தின்றாள்.

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிறு மதியம் முன்பதிவு செய்வது நல்லது. இருவருக்கு வரியோடு ஆயிரத்து நானூற்று எண்பது ரூபாய் ஆனது. கறி பஞ்சுபோல் இருக்கிறது, உப்பு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஹம்மஸ் சுமார்தான். எல்லாமே இருவர் பகிர்ந்துகொள்ளும் அளவு. தனியாகப் போகிறவர்கள் குறைத்துத் தருவார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அடுத்த ஞாயிறு காலை அக்கா கறிக்கடையில் நின்றுகொண்டு போன் செய்தாள்.

"ஒரு ஆளுக்கு எம்புட்டுட்டி எடுக்கணும்?"