நாலாம் நம்பர் கூண்டு

இது நடந்தது. நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு நஷ்டமில்லை. பேய் என்றாலே நடுராத்திரி, கொலுசுச் சத்தம், மல்லிகை வாசம் என்று அளப்பவர்களை நான் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. இது பட்டப்பகலில், டியூப் லைட் வெளிச்சத்தில், மத்தியானம் 2.10க்கும் 3.25க்கும் நடுவில் நடந்தது.

நாய்களுக்கு ஆபரேஷன் நடக்கும்போது மயக்க மருந்து கொடுப்பது என் வேலை. அந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அங்கே கத்தி பிடிக்கும் பெரிய டாக்டரைக் கைராசிக்காரர் என்று ஊரே கொண்டாடும். அவர் சாயம் எனக்கு முதல் நாளே வெளுத்துவிட்டது. தூங்க வைக்கும் மருந்து வேறு, வலியை அடக்கும் மருந்து வேறு. தூங்குகிற உடம்பையும் வலி விடாது. நாடித்துடிப்பு எகிறும். விழித்த பிறகு கதறும். படிக்கிற பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த இந்தச் சங்கதியைச் சொன்னபோது அந்த மகானுபாவர் சிரித்தார்.

“தூங்குற நாய்க்கு வலிக்குதுன்னு யாரும்மா உங்கிட்ட வந்து சொன்னா?”

அன்றைக்கு ஒரு தையல்காரரின் நாய் வந்திருந்தது. பொடியன் என்று கூப்பிடுவார். பின்னங்கால் எலும்பு முறிந்திருந்தது, தகடு வைக்க வேண்டும். முன்கூட்டியே போடுகிற வலி ஊசியை டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார். நானும் விடவில்லை. இரண்டு பம்ப் வைத்தேன். ஒன்றில் பால் மாதிரி வெள்ளையாகத் தூக்க மருந்து, மற்றதில் தண்ணீர் மாதிரி வலி மருந்து. இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாக நரம்புக்குள் இறங்க வேண்டும்.

“எத்தனை பம்ப் வேணாலும் வச்சு விளையாடு,” என்றார்.

முதல் பம்ப்பை ஓடவிட்டேன். அதற்குள், “கால யாரும்மா பிடிப்பா? உங்க தாத்தாவா?” என்று ஓர் அதட்டல். ஓடிப் போய்ப் பிடித்தேன்.

2.10. பொடியனின் விரலிடுக்கில் இடுக்கியால் கிள்ளினேன். மயக்கம் போதுமா என்று பார்க்கும் சோதனை அது. போதவில்லை என்றால் நாய் காலை இழுத்துக்கொள்ளும். பொடியன் இழுக்கவில்லை.

பக்கத்து அறையில் ஒரு நாய் வீல் என்று கத்தியது.

அந்த அறையில்தான் ஆபரேஷன் முடிந்த நாய்களை வைப்போம். நடுவில் கண்ணாடிக் கதவு. நாலு கூண்டு. அன்றைக்கு நாலும் காலி. காலையில் நானே துடைத்தேன்.

“சார், ஏதோ சத்தம்...”

“காதுல பஞ்சு வச்சுக்கோ.”

2.24. கத்தி இறங்கியது. மானிட்டரில் துடிப்பு 92. பக்கத்து அறையில் முனகல்... பல்லைக் கடித்துக்கொண்டு முனகுகிற மாதிரி...

2.41. எலும்பில் துளை போட்டார். கர்ர்ர்ர்... டிரில் ஓடினால் அங்கே அலறல். டிரில் நின்றால் அலறலும் நின்றது. மானிட்டரில் 92.

“பாத்தியா? தொண்ணூத்திரண்டு. இதுக்குப் பேருதான் கைராசி.”

அந்தச் செவிட்டு மேதைக்கு ஒன்றும் கேட்கவில்லை.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நாலாம் நம்பர் கூண்டின் கம்பி அதிர்ந்துகொண்டிருந்தது.

உள்ளே எதுவும் இல்லை.

கடக்... கடக்... கடக்...

92.

3.25. கடைசித் தையல். சத்தம் நின்றது.

பம்ப்களைக் கழற்றினேன். வெள்ளை மருந்து தீரும் நிலையில் இருந்தது. வலி மருந்து... குழாய் நிறைய அப்படியே இருந்தது. ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. காலைப் பிடிக்க ஓடிய அவசரத்தில் இரண்டாவது பம்ப்பின் பட்டனை நான் அழுத்தவே இல்லை. பழைய மெஷின், ஓடாவிட்டாலும் கத்தாது. ஊருக்கெல்லாம் வலியைப் பற்றி உபதேசம் செய்த மேதாவியின் லட்சணம் இதுதான். டாக்டரை எந்த வாயால் ஏசினேனோ அந்த வாய் ஒட்டிக்கொண்டது. என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

வலி மருந்தே இல்லாமல் எலும்பைத் துளைத்தால் எந்த நாயின் துடிப்பும் 92-இல் நிற்காது.

ஓடிப் போய் வலி ஊசி எடுத்து வருவதற்குள் பொடியன் விழித்துவிட்டான். தையலின் ஓரத்தை மெல்ல அழுத்திப் பார்த்தேன். வாலை ஆட்டினான். இருந்தும் ஊசியைப் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

பெஞ்சில் தையல்காரர் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தார்.

“பொடியன் நல்லா இருக்காண்ணே.”

“தெரியும்மா. கத்துனது அவன் இல்ல.”

“பின்ன யாரு?”

“அவங்கம்மா. நாலு மாசத்துக்கு முன்னால இதே டாக்டர்தான் ஆபரேஷன் பண்ணாரு. நாலாம் நம்பர் கூண்டுல போட்டாங்க, அங்கேயே செத்துப் போச்சு. அன்னைக்கும் இதே பெஞ்சுலதான் இருந்தேன். ஒரு சத்தம் வரல.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அந்தக் குரல் எனக்குத் தெரியாதாம்மா?”

கிளம்பும் முன் அந்தத் தாய் நாயின் பழைய ஃபைலைத் தேடி எடுத்தேன். வலி மருந்து என்ற இடத்தில் வெறும் கோடு. துடிப்பு 92-இல் தொடங்கி 188 வரை ஏறியிருந்தது. வலி இருந்ததா என்ற கேள்விக்கு எதிரே கைராசிக்காரரே தன் கையால் எழுதியிருந்தார்:

‘இல்லை. கத்தவே இல்லை.’